வாசலில் கவிழ்த்த வாளி

எங்கள் தெருவில் எலிக்குப் பொறி வைத்தாலும் சரி, மருந்து வைத்தாலும் சரி, அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் எலியின் காதில் விழுந்துவிடும், அப்புறம் அது அந்தப் பக்கமே வராது. யார் கிளப்பிவிட்ட பேச்சோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களும் வெள்ளிக்கிழமை பிள்ளையாரைச் சுற்றுகிறவர்களும் வேறு எதில் ஒத்துப்போனோமோ இல்லையோ, இதில் மட்டும் அப்படி ஒத்துப்போனோம். என் வீட்டுக்காரர் பொறியில் தேங்காய்ச் சில்லைக் குத்தும்போது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் சத்தமில்லாமல் அடுப்படி விளக்கை அணைப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் கண்ணால் பேசியது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். திண்டுக்கல்லில் வெங்காயக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கிற தெரு எங்களுடையது. கிட்டங்கியில் சரக்கு இருக்கிறவரைக்கும் எலி அங்கே இருக்கும். சரக்கு லாரி ஏறியதும் சாக்கடை வழியாக எங்களைத் தேடி வரும். என் வீட்டில் அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் எப்போதும் இருக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். மாவு வாங்க வருகிற ஒரு பெண் என் வீட்டுத் தரையில் ஒரே ஒரு எலிப்புழுக்கையைப் பார்த்தால் போதும், என் பிழைப்பு முடிந்தது. ஆகவே எலி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பொதுவாகவே எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்று சொல்வார்கள்.

எதிர்வீட்டு அக்கா எனக்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பொறுமையாகப் பேசுவாள், ஆனால் ஊரில் எல்லோரையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகத்தான் நினைத்துப் பேசுவாள். "எங்க, குப்பைய எடுத்தாங்க பாப்பம். ஆங், அப்படித்தான்" என்பாள். நாற்பது வயது ஆம்பிளை மறுபேச்சில்லாமல் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வருவான். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். சின்னாளப்பட்டியிலிருந்து சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து கடை கடையாக இறக்குவார். தெருவில் எந்த வேலை என்றாலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிற ஆள்.

அப்படி இறங்கியதுதான் வினையாகப் போனது. ஐப்பசி மழை ஒன்றில் தெருமுனைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. எல்லோரும் அவரவர் வாசலில் நின்று முனிசிபாலிட்டியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலோடு நின்று, கம்பியால் குத்தி அடைப்பை எடுத்துவிட்டார். வெளியே வந்தது அம்புட்டும் எங்கள் குப்பைதான்: பால் கவர், பிரியாணிப் பொட்டலம், கோழி எலும்பு, யார் வீட்டுத் தலையணையோ ஒன்று. அவர் குதிகாலில் பித்தவெடிப்பு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி என்று அலறினார். கண் மஞ்சளாகிப்போனது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கிறது, இது எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். பொறி வைக்கிற நாளில் நாங்கள் யாரும் சத்தமாகச் சொல்லாத எலி என்ற சொல்லை அந்த டாக்டர்தான் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அண்ணன் பிழைத்து வந்தார். ஆளில் பாதிதான் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேண்டிக்கொண்டிருந்தாள். இவர் எழுந்து நடந்தால் தான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கோயிலுக்குக் கிடாய் ஒன்று நேர்ந்துவிட்டு, அதைத் தன் கையால் வளர்த்து, தை மாசத் திருவிழா அசனத்துக்குக் கொடுப்பதாக. அசனம் என்றால் கோயில் வாசலில் ஊருக்கெல்லாம் போடுகிற கறிச்சோறு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை. அந்த வருஷத்துத் தை நெருங்கிவிட்டதால் அடுத்த வருஷத்துத் தைக்கு என்று வைத்துக்கொண்டு, அய்யலூர்ச் சந்தையிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்தாள். கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை. என்னிடம் காட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"இது நல்லா இருந்தா அவரும் நல்லா இருப்பாரு தங்கச்சி. அம்புட்டுத்தான் எனக்குக் கணக்கு."

நேர்ந்துவிட்ட ஆட்டைக் கட்டிப்போடுவதில்லை. அது தெருவுக்குச் சொந்தம். காலையில் முதலில் என் வாசலுக்குத்தான் வரும். அரிசி களைந்த கழனித்தண்ணியைக் குண்டானில் வைப்பேன். மூக்கு முங்க உறிஞ்சிவிட்டுத் தாடியைச் சொட்டவிட்டபடி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே கீரைத்தண்டு, அதற்கடுத்து வாழைப்பழத்தோல், நத்தம் மாம்பழம் வருகிற மாதங்களில் வீட்டுக்கு வீடு கொட்டையும் தோலும். காயப்போட்டிருந்த என் சுங்கடிச் சேலையின் முந்தானையை ஒருநாள் தின்றது. வேறு ஆடாக இருந்தால் விளக்குமாற்றால் ஒன்று வைத்திருப்பேன். நேர்ந்துவிட்டதாயிற்றே என்று வைதுவிட்டு விட்டேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. கிடாய் மட்டும் போதாது, தெருவில் எலியே இருக்கக்கூடாது என்று இறங்கினாள். முதலில் பொறி வைத்துத்தான் பார்த்தோம். கூண்டில் விழுந்ததைக் கொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. பிள்ளையார் ஏறுகிற உருப்படி என்று எங்களுக்குத் தயக்கம், எங்களைப் பார்த்துப் பூசைக்குப் போகிறவர்களுக்கும் தயக்கம். துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டுபோய் அடுத்த தெருச் சாக்கடையில் திறந்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, அடுத்த தெருக்காரர்களும் துணி மூடிய கூண்டோடு எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்திகள் மாதிரி மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்கா சுகாதார ஆய்வாளரைக் கூட்டிவந்தாள். அவர் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குப்பையை மூலையில் கொட்டுகிறவரைக்கும் எலி போகாது என்றார். சாக்கடை வாய்களுக்குக் கம்பிவலை போடுங்கள், வளையைச் சிமெண்டால் அடையுங்கள், கூரையைத் தொடுகிற முருங்கைக் கிளையை வெட்டுங்கள் என்றார். அப்புறம் முக்கியமாக ஒன்று சொன்னார்.

"மருந்து வச்சா எல்லா வீட்லயும் ஒரே நாள்ல வைக்கணும். ஒரு வீட்ல வச்சா அது பக்கத்து வீட்டுக்குப் போயிரும். வைக்கிற அன்னிக்கு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு ஆடு கோழியக் கட்டிப்போடுங்க."

சொல்லிக்கொள்வதா? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் போனதும் என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார்: "சொன்னா அது சாப்பிடுமா?" சிரித்தவர்கள் யாருமில்லை. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், மூன்று பேர் வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் நின்ற கூட்டம் அது. அக்காவுமே யோசித்துத்தான் நின்றாள்.

கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள். வாயால் சொல்ல வேண்டாம். மருந்து வைக்கிற அன்று வாசல்படியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதைப் பார்க்கிறவர்கள் தங்கள் வாசலிலும் கவிழ்த்து வைக்க வேண்டும். வாளி கவிழ்ந்திருக்கிறவரைக்கும் ஆடு, கோழி, குழந்தை எதுவும் தெருவில் இறங்கக்கூடாது. எலிக்குக் காது இருக்கலாம், வாளியைப் பார்த்துப் புரிந்துகொள்கிற அறிவு இருக்காது என்று எல்லோருக்கும் சமாதானமாகிவிட்டது. இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்த முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு என்று தெரு நெடுகக் கவிழ்ந்த வாளிகள். அக்கா கிடாயை வீட்டுக்குள் கட்டிப்போட்டு, அது கத்துகிற கத்தலுக்கு அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஆம்பிளைகள் கையுறை போட்டுக்கொண்டு செத்ததையெல்லாம் பொறுக்கி, குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். அந்த வாரமே வளைகளை அடைத்தோம். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிப்போய்க் கொட்டினோம். மூலையில் குப்பை போட வந்த பக்கத்துத் தெரு ஆளை நான் விரட்டிய விரட்டில் அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். மின்கம்பத்தடியில் இருந்த குப்பைமேடு போய், அங்கே யாரோ ஒரு செம்பருத்தி வைத்தார்கள். வாசலில் நின்றால் மலைக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று நாற்றமில்லாமல் வந்தது. இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததற்காக நான் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.

அக்கா தினமும் காலையில் அண்ணனை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். கிடாய் பக்கத்தில் நின்று அசைபோடும். நாங்கள் கேலி செய்வோம்: "என்ன டீச்சர், பாஸா?" "பாஸு, பாஸு" என்று அண்ணன்தான் பதில் சொல்வார்.

நன்றாக இருந்ததுதான் வம்பு. எலி போய்விட்டது என்ற நினைப்பில் வாளியை மறந்துபோனோம். மறுபடி ஐப்பசி வந்தது. மழை பெய்து சாக்கடை நிறைந்ததும் எங்கிருந்தோ ஒன்றிரண்டு எலிகள் மேலேறி வந்தன. ஒன்றிரண்டுதானே, அதற்காகத் தெருவையே கூட்டுவார்களா? போன தடவை மிஞ்சிய மருந்து எல்லா வீட்டிலும் அலமாரி மேல் இருந்தது. அவரவர் பாட்டுக்கு எடுத்து, அவரவர் வீட்டில் வாயைத் திறக்காமல் வைத்துவிட்டார்கள். வாளி ஒன்றுகூடக் கவிழவில்லை. நானும் கிரைண்டருக்குப் பின்னால் வெல்லத்தில் பிசைந்து வைத்தேன். அன்றைக்குத் தெருவில் எத்தனை வீட்டில் மருந்து இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் கிடாய் என் வாசலுக்கு வரவில்லை. கழனித்தண்ணி குண்டானிலேயே இருந்தது. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்று நினைத்து மாவுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது. வகுப்பறைக் குரல் இல்லை அது, நான் அதுவரை கேட்காத குரல். ஓடிப்போனேன். செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கிடாய் கிடந்தது. வாயில் நுரை, கால் நான்கும் உதறிக்கொண்டிருந்தன. வாயோரத்தில் தக்காளித் தோல் ஒட்டியிருந்தது. தக்காளித் துண்டில் மருந்து தடவி வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

அண்ணன் சரக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்கா பின்னால் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து அவள் இறங்கவில்லை. நாங்கள் சுற்றி நின்றோம். அவள் யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கட்டிப்போட்டிருப்பேன்ல?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் கிடாய் செத்ததைவிட அசிங்கம். "எங்க வீட்டுல வச்சது வச்சபடி இருக்குப்பா" என்றார் முனைவீட்டுக்காரர். "நாங்க உள்ளதான் வச்சோம்" என்றாள் அவர் மருமகள். ஒவ்வொரு வீடாக ஆரம்பித்தது. எல்லோருடைய மருந்தும் தொடாமல் இருந்ததாம். சிலர் கையோடு எடுத்துவந்து காட்டினார்கள். நான் வைத்ததும் கிரைண்டருக்குப் பின்னால் எறும்பு மொய்த்து அப்படியே இருந்தது. அது நிஜம். ஆனால் அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. சொன்னால், பாக்கி இருக்கிறவர்களில் ஒருவரைப் பார்த்து நீதான் என்று கைகாட்டுவதாகும். சொல்லாமல் நின்றதைப் பார்த்து என்னைத்தான் சந்தேகப்பட்டார்களோ என்னவோ. அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆட்டோவிலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

யாருடையதாக இருந்தால் என்ன? எல்லோரும்தான் வைத்தோம், எல்லோரும்தான் சொல்லாமல் இருந்தோம், நாங்கள் எல்லோருமாகத்தான் கொன்றோம் என்று தெருவே அவள் வாசலில் போய் நின்றிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் போகவில்லை. அப்புறம் கதவைச் சாத்திவிட்டாள்.

தைத் திருவிழாவுக்கு வேறொரு கிடாய் வாங்கிக் கொடுத்தாள். சந்தையில் வாங்கி நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோனது. கையால் வளர்ப்பதாகத்தானே வேண்டிக்கொண்டாள்? அசனத்தில் நாங்களும் போய் உட்கார்ந்தோம். பந்தியில் அக்கா கறிவாளியோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் சிரித்த முகமாக, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்று போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் தெருக்காரர்கள் வரிசை வந்ததும் பேச்சு நின்றது. அளவாக ஒரு கரண்டி, அடுத்த இலை, அளவாக ஒரு கரண்டி. எனக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நான் "அக்கா" என்றேன். "சாப்பிடு" என்றாள்.

அவள் விட்டதும் தெருவும் விட்டுவிட்டது. குப்பை வண்டிக்கு ஓடுகிறவர்கள் குறைந்தார்கள். மின்கம்பத்தடியில் முதலில் ஒரு பை வந்தது, யாரும் கேட்கவில்லை, அப்புறம் வரிசையாக வந்தன. செம்பருத்தி குப்பைக்குள் எங்கேயோ போய்விட்டது. கம்பிவலையை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கிட்டங்கிச் சரக்கு லாரி ஏறிய மறுநாள் எலிகள் பழைய வழியிலேயே வந்தன. கூட்டம் போடலாம் என்று நான் வீடு வீடாகப் போனேன். "டீச்சர் வருவாங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அக்காவிடம் கேட்டதற்கு, "எனக்குப் பேப்பர் திருத்தணும் தங்கச்சி" என்றாள். ஒன்றாம் வகுப்புக்கு என்ன பேப்பர்?

இப்போது நான் மருந்து வைத்தால் வாசலில் நின்று கத்திச் சொல்கிறேன். "இன்னிக்கு எங்க வீட்டுல எலிக்கு மருந்து வச்சிருக்கேன், ஆடு கோழியப் பிடிச்சுக் கட்டுங்க!" தெருவே சிரிக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அவமானமாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு வைத்தாலும் எலி தின்னத்தான் செய்கிறது. அதற்குக் காதும் இல்லை, ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

அக்கா மறுபடியும் ஒரு குட்டி வளர்க்கிறாள். இதுவும் நேர்ச்சைக்குத்தான், பழைய வேண்டுதலை முடிக்க. இது தெருவுக்கு வருவதில்லை. காம்பவுண்டு கதவுக்கு உள்ளே கட்டியே கிடக்கிறது. எங்களுக்கு அதன் குரல் மட்டும்தான் தெரியும். கறுப்பா வெள்ளையா என்றுகூட நான் பார்த்ததில்லை. அண்ணனின் இமையை இழுத்துப் பார்ப்பதும் இப்போது கதவுக்கு உள்ளேதான் நடக்கிறது போல.

நான் தினமும் காலையில் குண்டானில் கழனித்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டுகிறேன். அக்கா வந்து வாங்கிக்கொள்வாள். "குடுக்கிறேன் தங்கச்சி" என்பாள். முகம் கோணமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் குண்டானைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். நான் குட்டி வயிறு நிறையக் குடிக்கிறது என்று நினைத்து, இரண்டு கை உளுந்துத்தோலையும் சேர்த்துப் போட்டுக் கொண்டுபோக ஆரம்பித்தேன்.

போன வாரம் அவள் குண்டானை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும், கதவுக்கு வெளியே சாக்கடையோரமாக நின்றேன். உள்ளே குட்டி கத்தியது. அவள் வீட்டுத் தண்ணீர் வெளியே வருகிற குழாய் அங்கேதான் இருக்கிறது. என் கழனித்தண்ணி, வெள்ளையாக, உளுந்துத்தோலோடு, அந்தக் குழாய் வழியாகச் சாக்கடையில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் விழுந்தது. அப்புறம் உள்ளே குழாயடியில் குண்டானைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து குண்டானை நீட்டினாள். "நல்லாக் குடிச்சிச்சு" என்றாள்.

"நாளைக்கும் கொண்டு வாரேன்க்கா" என்றேன்.